விமான வணிகர் ஜே. ஆர். டி. டாட்டாவின் சரித்திரம்

வழி அமைத்தல் வேறு. அவ்வழியே வண்டி நாடோறும் தவறாது ஓடும்படி செய்தல் வேறு. முன்னதற்குப் பொருளும் அரசின் ஆணையும் இருந்தால் போதும். பின்னதற்கோ, அவ்வண்டியில் நாடோறும் ஏறத்தக்க பாரமும், அப்பாரத்திற்குக் கூலி கொடுப்பாரும் வேண்டும். தரைவழிக்குப் பொருந்தும் இவ்வுண்மை வான்வழிக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். ஏனெனில், விமானம் ஒன்றை ஒருநாள் பறக்கச் செய்யும் செலவு, அதில் ஒருவர் ஏறினாலும் எழுபதின்மர் ஏறினாலும் பெரிதும் மாறுவதன்று. பெருநகரங்களுக்கு இதனால் துன்பம் இல்லை. சிறு நகரங்களுக்கே துன்பம். அவற்றிற்கு விமானம் வருவதும், சின்னாளில் நின்று போவதும், மீண்டும் வருவதும் இந்நாட்டில் பலமுறை கண்ட காட்சியாகும்.

நம் சங்கத்துக் குடும்பங்களிற் பலவற்றின் பிள்ளைகள் இன்று பெங்களூரிலும் ஐதராபாத்திலும் வளைகுடா நாடுகளிலும் தொழில் புரிகின்றனர். ஆதலின் நம் பக்கத்திலும் ஒரு விமான நிலையம் வேண்டும் என்னும் ஆசை நம்மவர்பால் எழுதல் இயல்பே. அவ்வாசை நிறைவேறும் வகையையும் நிறைவேறாது போகும் வகையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டுமாயின், இந்தியாவில் விமான வணிகத்தைத் தொடங்கி நடத்திய ஜே. ஆர். டி. டாட்டா என்பாரின் வாழ்க்கையை ஒருமுறை நோக்குதல் நலம்.

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ரத்தன்ஜி தாதாபாய், பார்சி வகுப்பினர்; டாட்டா தொழிற்குடியை நிறுவிய ஜாம்ஷெட்ஜியின் உறவினர். தாயார் சூசன் பிரஞ்சு நாட்டுப் பெண்மணி. கோடைக்காலங்களில் இக்குடும்பத்தார் பிரான்சின் வடகடற்கரையில் ஹார்தெலோ என்னும் ஊரிற் சென்று தங்குவர். அங்கே, 1909ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் விமானத்தாற் கடந்த லூயி பிளேரியோ என்பவர்க்கும் ஒரு வீடு இருந்தது. அவருடைய விமானங்கள் கடற்கரை மணலில் வந்திறங்குதலைக் கண்ட சிறுவர் உள்ளத்தில் பறக்கும் வேட்கை வேரூன்றிற்று. பதினைந்தாம் வயதில் விமானம் ஒன்றில் ஏறிச் சிறிது பறந்த பின்னர் அவ்வேட்கை உறுதிப்பட்டது.

கேம்பிரிட்ஜில் பொறியியல் பயில வேண்டும் என்பது இளைஞரின் விருப்பம். அது கைகூடவில்லை. பிரஞ்சுப் படையில் ஓராண்டு பணிபுரிந்த பின், 1925ஆம் ஆண்டில் தந்தையார் அழைப்பின்படி இந்தியா வந்து, டாட்டா கம்பெனியிற் சம்பளமின்றித் தொழில் பழகுபவராய்ச் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தையார் காலமானார். இருபத்திரண்டு வயதிற் குடும்பப் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. எனினும் பழைய வேட்கை தணியவில்லை. பம்பாயிற் பறக்கும் கழகம் தொடங்கியவுடன் அதிற் சேர்ந்து பயின்று, 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் விமானம் ஓட்டும் அனுமதிச் சீட்டைப் பெற்றார். இந்தியாவில் வழங்கப்பட்ட அத்தகைய சீட்டுக்களுள் அதுவே முதலாம் எண்ணுடையது.

அக்காலத்தில் ஆகாகான், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனித்துப் பறக்கும் இந்தியர்க்கு ஒரு பரிசு அறிவித்தார். டாட்டா கராச்சியினின்று புறப்பட்டார். எதிர்த்திசையில் இங்கிலாந்தினின்று வந்தவர் ஆஸ்பி என்ஜினியர் என்னும் இளைஞர். எகிப்தில் அபூக்கிர் என்னுமிடத்தில், இயந்திரத்துக்கு வேண்டிய தீப்பொறித் திருகு இன்மையால் அவ்விளைஞர் தவித்து நிற்க, டாட்டா தம்மிடம் இருந்தவற்றுள் மிகையாயினவற்றைக் கொடுத்துதவினார். சில மணி நேரத்தில் முந்திப் பரிசு பெற்றவர் அவ்விளைஞரே. பின்னாளில் இந்திய விமானப் படைக்குத் தலைவராய் உயர்ந்த ஏர் மார்ஷல் ஆஸ்பி என்ஜினியர் இவர்தாம்.

இனி வணிகத்திற்கு வருவோம். நெவில் வின்சென்ட் என்னும் ஆங்கில விமானி 1929ஆம் ஆண்டில் டாட்டா கம்பெனியாரிடம் ஒரு யோசனை கொண்டுவந்தார். இலண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி கராச்சி வரையில் தபால் கொண்டுவந்துகொண்டிருந்தது. அதற்குத் தெற்கே அத்தபால் புகைவண்டியில் மெல்லச் சென்றது. கராச்சியில் இறங்கும் தபாற்பையை உடனே பெற்று, அகமதாபாத், பம்பாய், பல்லாரி வழியாகச் சென்னைக்கு விமானத்திற் கொண்டுசெல்வோம் என்பதே அவர் யோசனை. குடும்பத் தலைவர் சர் தோரப்ஜி டாட்டா முதலில் தயங்கினார். பின்னர் 2 லட்சம் ரூபாய் முதலீட்டிற்கு இசைந்தார். சர்க்காரோ மூன்று ஆண்டுகள் தாமதித்தது. ஈற்றில் 1932ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பத்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மானியம் என்று சர்க்கார் ஒன்றும் கொடுக்கவில்லை. சுமக்கும் தபாலின் நிறைக்கு ஏற்பக் கூலி, அவ்வளவே.

கம்பெனியின் உடைமை யாது? ஒற்றை இயந்திரம் பூண்ட ‘பஸ் மாத்’ என்னும் சிறு விமானங்கள் இரண்டு, சில பணியாளர், பம்பாய் ஜூஹு கடற்கரையில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. மழைக்காலத்தில் அவ்விடம் வெள்ளக்காடாகும். அப்பொழுது புனாவுக்குப் பெயர்வர். 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் டாட்டா தாமே கராச்சியினின்று தபாற்பையுடன் பறந்து, அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே மாட்டுவண்டியில் வந்த பெட்ரோல் தகரங்களால் விமானத்தின் தொட்டி நிரப்பப்பட்டது. அன்றே பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் வின்சென்ட். இந்தியக் கம்பெனி ஒன்றின் ஒழுங்கான ஆகாயத் தபால் சென்னைக்கு வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

முதல் ஆண்டின் கணக்கு நம்மவர் கருதத்தக்கது. விமானங்கள் பறந்த தொலைவு 1,60,000 மைல். சுமந்த தபால் ஏறத்தாழ 10 டன். ஏறிய பிரயாணிகள் 155 பேர். இலாபம் 60,000 ரூபாய். பிரயாணிகளை நம்பியிருந்தால் வாரம் மூவர் வீதமே வந்திருப்பர். அவர்தம் கட்டணம் எண்ணெய்க்கும் போதாது. கம்பெனியைத் தாங்கியது தபாற்பை. பிரயாணி, பை வைத்தது போக எஞ்சிய இடத்தில் ஏறியவரே ஆவர். இதனை நம் ஊர் வழக்கில் விளக்கலாம். வேர்க்கடலை மூட்டை ஏற்றி விழுப்புரம் மண்டிக்குச் செல்லும் வண்டியின் வாடகையை மூட்டை கொடுத்துவிடுகிறது. வழியில் ஏறும் ஓரிருவர் தருவது மேல்வரவு. மூட்டை இல்லாத நாளில் அவ்விருவரை நம்பி வண்டியைப் பூட்டுபவன் நெடுநாள் வண்டி வைத்திருக்க மாட்டான்.

இன்னொன்றும் காண்க. தபால் வாரந்தோறும் குறித்த நாளில் தவறாது வரும் சுமை. கூட்டம் மிகுதியா குறைவா என்னும் ஐயம் அதற்கில்லை. அதற்கேற்ப டாட்டாவும் காலந்தவறாமையையே முதற்பொருளாகக் கொண்டார். காற்றும் மழையும் பாராது, முதல் ஆண்டில் அவர் விமானங்கள் காலந்தவறாது சென்றமையைச் சர்க்கார் அறிக்கையே பாராட்டிற்று. நிலையான சுமை, குறைந்த செலவு, தவறாத காலம் என்னும் இம்மூன்றுமே அவருடைய வணிகத்தின் மூன்று கால்கள்.

பல்லாரி நகரத்தின் கதை இதனுட் பொதிந்த மற்றோர் உண்மையைக் காட்டும். பல்லாரி பெருவணிக நகரம் என்பதற்காக அங்கே விமானம் இறங்கவில்லை. பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே சிறு விமானம் எண்ணெய் நிரப்பிக்கொள்ள ஓரிடம் வேண்டும். அதற்கு அவ்வூர் வாய்த்தது. ஆதலின் சில ஆண்டுகளில் ஐதராபாத் நடுநிலையமாயிற்று. பல்லாரியின் வான் வெறிதாயிற்று. அதன் அருகே வித்தியாநகரிலுள்ள நிலையத்திற்கு மீண்டும் ஒழுங்கான விமானம் வந்தது 2017ஆம் ஆண்டில். ஊருக்காக வராத விமானம் ஊருக்காக நிற்பதும் இல்லை.

இதற்கு மாறாக, 1935ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் பம்பாயினின்று கோவா, கண்ணனூர் வழியாகத் திருவனந்தபுரத்திற்குச் சேவை தொடங்கியபொழுது, திருவிதாங்கூர் அரசு அதனை விரும்பி வரவேற்று ஆதரித்தது. 1938ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கடிதங்கள் எல்லாம் விமானத்திற் செல்லும் புதிய திட்டம் வந்தது. தபாற்சுமை பன்மடங்கு பெருகிற்று. அச்சுமையின் வலியால் சென்னையினின்று திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரையில் டாட்டாவின் விமானம் நீண்டது. திருச்சிக்கு வான்வழி கிடைத்ததும் தபாற்பையாலேயே என்பதை நாம் மறத்தலாகாது. அவ்வாண்டிலேயே, 34ஆம் வயதில், டாட்டா குடும்பத் தொழில்கள் அனைத்திற்கும் அவர் தலைவரானார். நண்பர் வின்சென்ட் 1942ஆம் ஆண்டில், உலகப் போரின்போது பறந்து வருகையில் உயிரிழந்தார்.

போர் முடிந்தபின் நிலை மாறிற்று. அமெரிக்கப் படை விட்டுச்சென்ற டக்கோட்டா விமானங்கள் மலிவான விலைக்குக் கிடைத்தன. செல்வமுடையார் பலர் விமானக் கம்பெனி தொடங்க முன்வந்தனர். நம் தமிழ்நாட்டில், கல்விக்கு வாரி வழங்கிய வள்ளல் கோட்டையூர் அழகப்பச் செட்டியார், தாமும் இங்கிலாந்தில் விமானம் ஓட்டப் பயின்றவராதலின், ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் கம்பெனியை நிறுவினார். 1946ஆம் ஆண்டில் அமைந்த அனுமதிக் குழு பல கம்பெனிகளுக்கு அனுமதி நல்கியது. நாட்டில் உள்ள பிரயாணிகளையும் தபாலையும் அத்தனை பேர் பங்கிட்டால் ஒருவர்க்கும் பசி தீராது என்று டாட்டா எடுத்துரைத்தார். அவர் சொல் ஏறவில்லை. தம் ஆதாயத்துக்காகப் பேசுகிறார் என்றும் சிலர் கருதினர். அக்கருத்து முற்றும் பிழையென்று சொல்வதற்கில்லை. முன்னே வந்தவர் பின்னே வருபவரை விரும்பாமை உலகியல்பு.

எனினும் கணக்கு அவர் பக்கமே நின்றது. விமானம் மலிவாய்க் கிடைத்தது உண்மை. எண்ணெயும், விமானியும், பழுது பார்த்தலும் மலிவாய்க் கிடைக்கவில்லை. நீதிபதி ராஜாத்யக்ஷர் தலைமையில் 1950ஆம் ஆண்டில் ஆராய்ந்த குழு, கம்பெனிகளின் எண்ணிக்கை நாட்டின் தேவைக்கு மிஞ்சியது என்று கண்டது. சில கம்பெனிகள் அதற்குள் மறைந்தன. 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் எட்டுக் கம்பெனிகள் ஒன்றாக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் என்னும் அரசு நிறுவனம் பிறந்தபொழுது, அவ்வெட்டனுள் ஜூபிடரின் பெயர் இல்லை. கொடையாற் சிறந்த வள்ளலின் செல்வமும் சுமையில்லாத வான்வழியைத் தாங்கவியலாது போயிற்று. அவர் காரைக்குடியில் நட்ட கல்விக் கழகங்களோ இன்றும் தழைத்து நிற்கின்றன.

ஒரு பொருளில் டாட்டாவின் கணிப்புப் பொய்த்தமையையும் சொல்லுதல் நேர்மையாம். 1949ஆம் ஆண்டு ஜனவரியில் சர்க்கார் இரவுத் தபால் தொடங்கிற்று. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை என்னும் நான்கு நகரங்களினின்றும் இரவிற் புறப்படும் விமானங்கள் நாகபுரியிற் கூடிப் பைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் தத்தம் நகர் திரும்பும். தரையில் விளக்கு வசதிகள் போதா என்றும், செலவு மிகும் என்றும் அவர் எதிர்த்தார். ஆயினும் அத்திட்டம் பல ஆண்டுகள் நடந்து நாட்டிற்குப் பயன் தந்தது. அது நிலைத்ததற்கும் காரணம் தபாற்பை என்னும் நிலையான சுமையே. அவருடைய முடிவு தவறினும், முன்னாளில் அவர் கண்ட உண்மை அங்கேயும் வென்றது.

அவருடைய கம்பெனி 1946ஆம் ஆண்டில் ஏர் இந்தியா என்னும் பெயர் பெற்றது. 1948ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் பம்பாயினின்று இலண்டனுக்கு அதன் வெளிநாட்டுச் சேவை தொடங்கிற்று. 1953ஆம் ஆண்டில் அரசு இவற்றைத் தன்வயமாக்கியது அவர் மனத்தைப் புண்படுத்திற்று. ஆயினும் பிணங்கி ஒதுங்காது, பிரதமர் நேருவின் வேண்டுகோட்கு இணங்கி, ஊதியம் பெறாமலே ஏர் இந்தியாவின் தலைவராய் 25 ஆண்டுகள் உழைத்தார். தாம் ஏறும் ஒவ்வொரு விமானத்திலும் திரைச்சீலை முதல் தேநீர் வரை குறை கண்டு குறித்தனுப்புவார். அழுக்கான மேடையைக் கண்டால் தம் கையாலேயே துடைப்பார். 1978ஆம் ஆண்டு பிப்ரவரியில் அன்றைய அரசு அவரைத் தலைமையினின்று நீக்கியது. 1982ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், முதற்பயணத்தின் 50ஆம் ஆண்டு நிறைவில், 78 வயது முதியவராய்ப் பழைய சிறு விமானம் ஒன்றில் மீண்டும் கராச்சியினின்று பம்பாய்க்குப் பறந்து காட்டினார். 1992ஆம் ஆண்டில் பாரத ரத்தினம் என்னும் பட்டம் பெற்று, 1993ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஜெனீவாவிற் காலமானார். பிறந்த பாரிஸிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். அவர் வளர்த்த ஏர் இந்தியா 2022ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் டாட்டா குடும்பத்திற்கே திரும்பியது.

அவர் விட்டுச்சென்ற வினா இன்னும் தீரவில்லை. சிறு நகரங்களுக்கெனவே 1981ஆம் ஆண்டில் வாயுதூத் என்னும் அரசுக் கம்பெனி தொடங்கப்பட்டது. நட்டத்தால் நலிந்து 1993ஆம் ஆண்டில் இந்தியன் ஏர்லைன்ஸில் இணைந்தது. பின்னர் 2016ஆம் ஆண்டில் உடான் திட்டம் அறிவிக்கப்பெற்று, 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சிம்லாவினின்று டில்லிக்கு அதன் முதல் விமானம் பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்திற்கு 2,500 ரூபாய் என்று ஒரு பகுதி இருக்கைகளுக்கு உச்சவரம்பு. அதனால் வரும் நட்டத்திற்கு 3 ஆண்டுகள் ஈட்டுத்தொகை. அத்தொகையின் பெரும்பகுதி பெருநகர்களிடையே பறக்கும் விமானங்களின் மீது விதிக்கும் வரியிலிருந்து வருதல். எண்ணெய் வரியிற் சலுகை. இவை தொடக்கத்தில் அதன் உறுப்புக்களாய் இருந்தன. பெரிய வழியின் ஆதாயம் சிறிய வழியைத் தாங்க வேண்டும் என்னும் நீதி இதில் உண்டு. அது நல்ல நீதியே.

ஆயினும் பலன் யாது? இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை ஆராய்ந்த 774 வழிகளுள், சேவை தொடங்கியவை 371. அவற்றுள் மூன்றாண்டும் நிறைந்தவை 112. ஈட்டுத்தொகை நின்ற பின்னும் 2023 மார்ச்சு வரையில் நிலைத்தவை 54 மட்டுமே. ஊன்றுகோலை எடுத்தவுடன் வீழாமல் நிற்கும் கால் உடையவை நூற்றுக்கு ஏழு என்பது இதன் பொருள். கோல் கொடுத்தவர் மீது குறையில்லை. கால் உண்டோ என்று முன்னரே பாராமையே குறை.

நம் அண்டையிலும் சான்றுண்டு. சேலத்திற்கு 2018ஆம் ஆண்டில் வந்த விமானம் 2021ஆம் ஆண்டில் நின்று, 2023ஆம் ஆண்டில் மீண்டது. புதுச்சேரிக்கு 2013ஆம் ஆண்டில் வந்தது அடுத்த ஆண்டே நின்றது. பின்னர் வந்தும் நின்றும், 2024ஆம் ஆண்டு டிசம்பரில் ஐதராபாத்துக்கும் பெங்களூருக்கும் மீண்டும் தொடங்கிற்று. உளுந்தூர்ப்பேட்டையில் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று கிடக்கின்றது. அதனை உயிர்ப்பிக்க வேண்டும் என்னும் பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. அப்பேச்சு எழும்போது நம்மவர் செய்யவேண்டுவது யாது?

விழுப்புரம் ஐந்து திசைப் புகைவண்டிகள் கூடும் சந்திப்பு. சென்னைக்கு மூன்று மணி நேரத்திற்குள் வண்டியுண்டு. ஆதலின் சென்னைக்குப் பறக்க இங்கு ஒருவரும் வாரார். பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ பறக்க நாடோறும் எத்தனை பேர் வருவர்? அவர்கள் திரும்பும் விமானத்தையும் நிரப்புவரா? புதுச்சேரியில் ஏறுவோரையே இரு நிலையங்களும் பங்கிட்டுக்கொள்ள நேருமா? பிரயாணிகளேயன்றி, பழைய தபாற்பை போல நாடோறும் தவறாது செல்லும் சரக்கு ஏதேனும் நம் வயலிலோ தொழிற்கூடத்திலோ உண்டா? தபாற்பையின் இடத்தை இன்று பிடிக்கத்தக்கவை மருந்தும், மலரும், விரைந்து சேரவேண்டிய பொருள்களுமே. இவற்றிற்கு விடையெழுதிக் கொண்டு விண்ணப்பம் செய்தால் அவ்விண்ணப்பத்திற்கு வலி உண்டு. ஊரின் பெருமைக்காக மட்டும் கேட்டால், கிடைத்தாலும் பல்லாரியின் கதையே நமக்கும் நேரும். ஓடுபாதைக்கென நிலம் கொடுத்த உழவர்க்கு நிலமும் இராது, விமானமும் இராது.

மண்டகப்பட்டில் வாழும் நமக்கு இக்கருத்து புதியதன்று. நம் ஊர்க் குடைவரையைச் செய்வித்த மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி அத்தளியை அமைத்தான். அவன் பிற இடத்துப் பொருளைக் கொணர்ந்து சேர்க்கவில்லை. இவ்விடத்திலிருந்த பாறையின் வலியை ஆராய்ந்து, அதனைக் குடைந்தான். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அது நிற்கிறது. ஓலைக்கொட்டகையும் இரு சிறு விமானங்களும் கொண்டு தொடங்கிய டாட்டா செய்ததும் அத்தகையதே. இருந்த சுமையை முதலில் ஆராய்ந்தார். அச்சுமைக்கு ஏற்ற விமானத்தைப் பின்னர்ப் பூட்டினார்.

நம் சங்கத்து இளைஞர் இவர்பாற் கற்கத்தக்கது பறக்கும் துணிவு ஒன்று மட்டுமன்று. பறக்குமுன் தராசைக் கையிலெடுத்த நிதானமும் ஆகும். துணிவும் நிதானமும் ஒருங்கே அமைந்த பெரியார் சிலரே, அச்சிலருள் ஜே. ஆர். டி. டாட்டா ஒருவர். அவர் சரித்திரத்தை நம் இல்லங்களிற் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவோமாக.